தார் பூசிய சாந்தோம் வீடு

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதம். எனக்குச் சுவர்ப் பைத்தியம். ஓவர்சியர் வேலையில் ஒட்டிக்கொண்ட வியாதி. சாந்தோமில் நூறு வருஷத்துக்கு முந்திய பங்களா ஒன்று இருக்கிறது, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய அதன் சுண்ணாம்புச் சுவரில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று ஒரு நண்பர் கிளப்பிவிட்டார். அதற்காகவே திருச்சியில் ரயிலேறினேன்.

காலை ஆறரைக்கு எழும்பூர். மயிலாப்பூர் வரை டிராம், ஒன்றரை அணா. குளத்திலிருந்து ஒரு மைல்தான், ஆனாலும் சோம்பல்பட்டு ரிக்‌ஷா பிடித்தேன், நாலணா.

"அந்தக் கருப்பு ஊடா? அங்க இன்னா சார் கீது பாக்க?" என்றார் ரிக்‌ஷாக்காரர். வெள்ளைச் சுவர் பார்க்க வந்தவன், "கருப்பா?" என்று இரண்டு தரம் கேட்டேன்.

வெளிச்சுவர் முழுக்கக் கன்னங்கரேலென்று தார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஆரோக்கியமேரி டீச்சர் அங்கே தனியாக இருந்தார்.

"நான்தான் சார் பூசவெச்சேன். நாப்பத்திரெண்டுல, வெள்ளையா இருந்தா கடல்லேர்ந்தே ஜப்பான்காரன் கண்ணுல பட்டுக் குண்டு போட்டுடுவான்னு பயம். ஊரே காலி பண்ணிக்கிட்டு ஓடிச்சு. நான் தாரைப் பூசிட்டு உக்காந்துட்டேன்."

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

உள்ளே ஆளுயரத்துக்கு மெருகு கொப்பளித்து உதிர்ந்திருந்தது. அதற்கு மேலேயோ, அடேயப்பா, பளபளவென்று மின்னியது! தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்திவைத்து, மூலைவாட்டாக அடுக்கிய மாடித்தளம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. ஆனால் சுவர்ச் செங்கல் இற்றிருந்தால் வீட்டை இடிக்க விற்றுவிடுவதாகத் தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தார் டீச்சர். அதைப் பார்த்துச் சொல்லத்தான் மேஸ்திரி கன்னியப்பன் வந்திருந்தார்.

மேஸ்திரி ஒரு கொப்புளத்தைப் பெயர்த்துவிட்டு உளியால் செங்கல்லைத் தட்டினார். கணீரென்றது. எனக்கே உயிர் வந்தது.

"கல்லு கெட்டியா கீது டீச்சர். தாரு மூடிக்கினு கீறதால தரையிலேர்ந்து ஏர்ற ஈரம் வெளிய போவ வழியில்லாம மேல மேல ஏறுது. வெளிய தாரு, உள்ள பூச்சு, ரெண்டையும் உச்சி வரிக்கும் உரிச்சாத்தான் சொவரு காயும்."

"மேலே நல்லா இருக்கிறதையாவது விடுங்களேன்! இதுக்காக இருநூறு மைல் வந்திருக்கேன்!" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

டீச்சர் கோபிக்கவில்லை. "நீங்க பாத்துட்டுப் போயிடுவீங்க சார். நான் இங்கதானே இருக்கணும்?" என்றவர், மேஸ்திரியிடம் திரும்பி, "உரிங்க" என்றார்.

நீங்கள் ஞாயிறன்று போவதானால் பத்து மணிக்கு மேல் போங்கள். அதுவரை டீச்சர் மாதா கோவிலில் பூசையில் இருப்பார். மாடித்தளத்தை அண்ணாந்து நன்றாகப் பாருங்கள். சுவரெல்லாம் இப்போது வெறும் செங்கல்தான். அதைப் பார்த்து "அடடா, போச்சே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எதுவும் போகவில்லை. டீச்சர் அங்கேதான் குடியிருக்கிறார்.