தலைகீழாக நின்ற மயில்கள்

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அட்டையின் ஓரத்தில் போடும் நம்பர்கள்தான்.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரில் நடந்தது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பட்டுத் தறியின் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக அதில் வந்து படியும். ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் சும்மா இருக்கும். சேலைக் கரையில் மயிலும் மாங்காயும் விழுவது அப்படித்தான். கட்டம் போட்ட தாளில் இருக்கும் படத்தைப் பார்த்து, கட்டத்துக்குக் கட்டம் அந்த ஓட்டைகளைக் குத்துவது என் வேலை.

காஞ்சிபுரத்தில் ஒரு முதலாளியிடம் பதினோரு வருஷம் மாதச் சம்பளத்துக்கு இதைச் செய்தேன். சின்னப் பெட்டி, சின்னக் கரை. பிறகு பெரிய பெட்டி வந்தது. அதற்கென்று வெளியூரில் படித்துவிட்டு வந்த ஒருவரை முதலாளி சேர்த்துக்கொண்டார். என்னை நிறுத்தவில்லை. "நீ பாட்டுக்கு நூலு எட போட்டுக்கினு இரு, சம்பளம் கொறையாது" என்றார். நல்ல மனுஷர். ஆனால் தராசு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அடுத்த அறையில் அட்டை குத்தும் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்பது எனக்கு அலுத்துவிட்டது. சாப்பாட்டு வேளையில் புது ஆள் பக்கத்தில் போய் நிற்பேன். வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டேன். யாரிடமும் கேட்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை. பார்த்துப் பார்த்தே ஐந்தாறு மாதத்தில் பெரிய பெட்டி வேலையைக் கற்றுக்கொண்டதாக நினைத்தேன். வேலையை விட்டேன். இனிமேல் அட்டைக்கு இவ்வளவு என்று பேசி, வீட்டிலேயே காண்ட்ராக்டில் குத்திக் கொடுப்பதாகத் திட்டம்.

வீட்டில் சும்மா விடவில்லை. "மாசம் பொறந்தா சம்பளம் வர்ற எடத்த வுட்டுட்டு, யாராவது கூப்புடுவாங்களான்னு வாசலப் பாத்துக்கினு குந்தப் போறியா?" என்றாள் மனைவி. இரண்டு மாதம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது மாதம் முதல் வேலை வந்தது. அந்தச் சிற்றூரில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேராகத் தறி ஓட்டுகிறவர்கள். புதிதாகப் பெரிய பெட்டி மாட்டியிருந்தார்கள். மயில் கரை போட்ட கல்யாணச் சேலை ஒன்று அவர்களுடைய முதலாளிக்கு நெய்து தர வேண்டும். இந்த வேலை சரியாக வந்தால் சுற்றுப்பட்டுத் தறிக்காரர்கள் என்னைத் தேடுவார்கள். கெட்டால் எவரும் வர மாட்டார்கள், திரும்பிப் போகப் பழைய இடமும் கிடையாது. அதுதான் என் நிலைமை.

முதல் அட்டையைக் குத்தும் பலகையில் வைத்ததுமே ஒரு சந்தேகம் வந்தது. அவர்கள் பெட்டியில் முதல் கொக்கி இடது பக்கமா, வலது பக்கமா? பெட்டியை மாட்டுகிற விதத்தைப் பொறுத்து அது மாறும். சைக்கிள் மிதித்துப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்திருக்கலாம். பதினோரு வருஷம் அட்டை குத்தினவன் இதைக்கூடக் கேட்கிறானே என்று நினைப்பார்களே! வெட்கப்பட்டுக்கொண்டு, பழைய பெட்டிக்குக் குத்திய வழக்கப்படியே இடது பக்கத்திலிருந்து தொடங்கினேன். இருநூறு அட்டைக்கு மேல். குத்தி, நம்பர் போட்டு, கயிற்றில் கோத்து, தறிக்காரர் வந்தபோது கட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் அவர் மறுபடி சைக்கிளில் வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர். "ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போண்ணா" என்றார். என்ன ஏது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வழி முழுக்க அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் மிதித்தேன்.

அந்தத் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும். அவர் மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியை அடியில் நீட்டிக் காட்டினாள். ஒரு முழம் நெய்திருந்தார்கள். வரிசையாக மயில்கள். எல்லாவற்றுக்கும் கால் மேலே, கொண்டை கீழே. கரை உருவம் சேலையின் குறுக்கே விழுவதால், கொக்கி இடம் வலம் மாறினால் மயில் கவிழ்ந்துவிடும்.

"இது இன்னாண்ணா, மயிலா வவ்வாலா? எல்லாம் தொங்கிக்கினு கீது" என்றாள்.

"சும்மா இரு" என்றார் அவர்.

"நான் இன்னா திட்டனா? கேக்கறேன்."

எல்லாவற்றையும் புதிதாகக் குத்தித் தருகிறேன் என்று எப்படியோ சொன்னேன். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். பத்து நாள் என்றேன். அவர் தறிப் பள்ளத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சேலை போக வேண்டிய நாளுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

அந்த அம்மா அட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்த அப்படியே பாதி சுத்து சுத்தி, இந்தக் கோடிய அந்தக் கோடிக்குக் கொண்டாந்து கட்டினா இன்னா?" என்றாள்.

"அதெல்லாம் ஆவாதும்மா" என்று உடனே சொன்னேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. என் தொழிலில் இன்னொருவர் கை வைக்கிறாரே என்ற ரோஷம். சொன்ன பிறகுதான் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மாட்டுகிற ஓட்டைகள் இரண்டு கோடியிலும் ஒன்று போலவே இருந்தன. திருப்பினால் முதல் கொக்கிக்குக் குத்தியது சரியாக எதிர்ப்பக்கம் போய் உட்காரும். ஒரு அட்டைகூடப் புதிதாகக் குத்த வேண்டாம்.

"ஆவும்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அன்றைக்கும் மறுநாளும் நானும் அவளும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையாக அவிழ்த்து, திருப்பிக் கோத்தோம். நான் போட்ட நம்பர்கள் எல்லாம் தலைகீழாகிவிட்டன. அவர் நெய்த முழத்தைப் பிரித்துச் சரிகையை இழை இழையாக உருவிக்கொண்டிருந்தார். விரல் நோக நோக மூன்று பேரும் வேலை செய்தோம். நடுவில் அவள் மட்டும் சொன்னாள்: "மொதல்லியே வந்து பாத்திருந்தா, காப்பித்தண்ணியாவது குடிச்சிட்டுப் போயிருப்பியேண்ணா."

அவர்களுடைய முதலாளி வீட்டு ஆள் நடுவில் வந்து, நெசவு ஏன் பின்தங்கியிருக்கிறது என்று கேட்டான். "தறி கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சி" என்றார் தறிக்காரர், என் பக்கம் திரும்பாமலே. சேலை நாளுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் அட்டைக்கு வந்தார். அனுப்பியது அவர்கள்தான்.

காண்ட்ராக்ட் வேலை சுகம் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்குப் போனஸ் என்று சேர்த்துக் கொடுக்க ஆள் கிடையாது. சில மாதம் பலகை சும்மா கிடக்கும். ஒவ்வொரு தறிக்கும் ஒரு புது விவகாரம், இந்த வயதில் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் புது வேலை வந்தால், அட்டையைத் தொடுவதற்கு முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தறியைப் பார்க்கப் போகிறேன். கேட்க வேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போகிறேன். வாசலில் நின்றதும் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, ஆனால் கேட்காமல் திரும்புவதில்லை.

ஆவணி 3, 1987.