திறந்தே இருந்த வரைபடம்

குடிநீர் வாரியத்தின் கணினி அறையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு ‘சர்வரக்கா’ என்று பெயர் வைத்தது ஃபிட்டர்கள்தான். அவளுடைய சொந்தத் தம்பியும் அவர்களில் ஒருவன். பெயர் வைத்தவர்களுக்கு அவள் மேல் மரியாதையும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. அக்கா கை வைத்தால் பழுதாகி நின்றது ஓடும். அது அவளுக்கும் தெரியும், தெரிந்த அளவுக்குக் கர்வமும் இருந்தது. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

ஊரின் தரைக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வு எந்தத் தாருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது என்பதெல்லாம் வரைபடங்களாக அவள் பொறுப்பில் இருந்தன. தெருவில் நிற்கும் ஃபிட்டர் கைப்பேசியில் தெருவின் பெயரைத் தட்டினால் வலைப்பக்கத்தில் படம் வரும். அந்தப் படங்களை இடம் போதாமல் புதிய இயந்திரம் ஒன்றுக்கு மாற்றியது ஒரு புதன்கிழமை. மாற்றி முடித்ததும் சர்வருக்கு முன் உட்கார்ந்து, தன் பெயரில் நுழைந்து, பத்துப் படங்களைத் திறந்து பார்த்தாள். பத்தும் திறந்தன. வலைப்பக்கத்தில் தெருப் பட்டியலும் ஒழுங்காக வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடத் தெருவிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். பெரிய குழாய் வெடித்துவிட்டது. தோண்டிய பள்ளத்தில் ஒரு பக்கம் சரிந்து, கான்கிரீட் பலகைக்கு அடியில் ஒருவனுடைய கால் மாட்டிக்கொண்டது. தண்ணீர் ஏறுகிறது, பம்பு ஈடுகொடுக்கவில்லை. வால்வை மூடினால்தான் ஆள் பிழைப்பான். தெருவுக்குப் போன மாதம்தான் புதுத் தார் போட்டிருந்தார்கள், வால்வின் மூடியைக் காணோம். படத்தைத் தட்டினால் ‘அனுமதி இல்லை’ என்று வருகிறது.

அவள் தன் திரையில் அதே தெருவின் படத்தைத் திறந்தாள். பளிச்சென்று திறந்தது. கோப்பு சரியாகத்தான் இருக்கிறது, ஒரு நிமிஷம் இருங்க என்றாள்.

சர்வரின் இணைப்புக் கம்பியைப் பார்த்தாள். புதிய இயந்திரத்துக்குப் பாதை போகிறதா என்று பார்த்தாள், போனது. வலைச் சேவையை நிறுத்தி ஓட்டினாள். மறுபடி படத்தைத் திறந்தாள், திறந்தது. இப்போது பாருங்கள் என்றாள். வரவில்லை என்றார் அவர். ஃபயர்வால் என்னும் தடுப்புச்சுவரின் விதிகளைத் துருவினாள். மறுபடி திறந்தாள், திறந்தது. வரவில்லை. பாழாய்ப்போன பக்கம் அவளிடம் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. பின்னணியில் யாரோ மார்புக்கு வந்துவிட்டது என்று கத்துவது கேட்டது. ஏழு நிமிடம் போயிருந்தது.

அப்போதுதான் சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார்.

“சொல்ல வேண்டாம்னு பாத்தேன். உள்ள மாட்டியிருக்கிறது உங்க தம்பிதாங்க.”

அவள் செய்யக் கூடாததைச் செய்தாள். சர்வரையே அணைத்து மீண்டும் போட்டாள். அது ஆடி அசைந்து எழுந்திருக்க மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் தன் கணினியில் விரிந்து கிடந்த படத்தை வெறித்தபடி, எழுந்திரு, எழுந்திரு என்று இயந்திரத்தைக் கெஞ்சினாள். எழுந்தது. கைப்பேசியில் படம் வரவில்லை.

“இங்க தெரியுதுங்க,” என்றாள். “எனக்கு நல்லாத் தெரியுது.”

“உங்களுக்குத் தெரியுதா?” என்றார் அவர். “அப்ப வாசிச்சுச் சொல்லுங்களேன்.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். அவள் அலைந்தது பதினொரு நிமிடம். பழுதைச் சரிசெய்வதே தன் வேலை என்று பழகிய புத்தி, பழுதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

“பள்ளிக்கூட கேட்டோட இடது தூண். அங்கிருந்து தெருப்பக்கம் நாலு மீட்டர், கிழக்கால ரெண்டு. வலப்பக்கமா இருபத்திரண்டு சுத்து,” என்று ஒரே மூச்சில் வாசித்தாள்.

கடப்பாரை தாரில் விழும் சத்தம் கேட்டது. யாரோ சுற்றுகளை எண்ணினார்கள். பதினெட்டிலேயே தண்ணீர் ஏறுவது நின்றது. அப்போது அது அவன் தாடையில் இருந்ததாம்.

பழுது சின்னதுதான். வலைச் சேவை ஓடுவது அவள் பெயரில் அல்ல, அந்தச் சேவைக்கென்று இருக்கும் தனிக் கணக்கில். பழைய இயந்திரத்தில் அந்தக் கணக்குக்கு அனுமதி இருந்தது. புதியதில் கொடுக்க மறந்துவிட்டாள். அவள் பெயருக்கு எல்லாக் கதவும் திறக்கும், அதனால் பூட்டியிருந்த கதவு அவள் கண்ணில் படவே இல்லை. அனுமதி கொடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தம்பிக்குக் கணுக்காலில் தகடு வைத்தார்கள். இப்போது லேசாகச் சாய்த்து நடக்கிறான். வியாழக்கிழமைகளில் அவள் அறைக்கு வந்து சாப்பிடுவான். மாடிப்படியில் அந்த ஒரு கால் அழுந்தும் சத்தம் கேட்டாலே தட்டச்சு செய்வதை நிறுத்திவிடுவாள். படம் திறந்தே இருந்ததை அவனிடம் சொல்ல அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சாப்பாட்டு டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவன் தன் டப்பாவிலிருந்து நிமிர்ந்தான்.

“மேல நின்ன பசங்க அழுதாங்கக்கா. நான்தான் சொன்னேன், ஆபீஸ்ல எங்கக்கா இருக்கா, அழாதீங்கடான்னு.”

அதற்கு மேல் அவளால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. டப்பாவை மூடினாள்.

அன்றும் மதியம் சர்வரில் ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. செய்துவிட்டு, தன் கணினியில் திறந்து பார்க்காமல், கீழே இறங்கிப் போய் வாசலில் காவலுக்கு இருப்பவரிடம் கைப்பேசியை எடுக்கச் சொன்னாள். வாரத்துக்கு இரண்டு தடவை இதே தொல்லையா என்று அவர் முணுமுணுத்தபடி தெருவின் பெயரைத் தட்டினார். படம் வந்துவிட்டது, போங்கள் என்றார்.

“எனக்குக் காட்டாதீங்க,” என்றாள். “அதுல இருக்கிறத வாசிங்க.”