சும்மா இருக்காத பிள்ளை

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் இருக்கும் அகதி முகாமின் வாசலுக்கு, வெளிச்சம் வர முன்னமே ஒரு வெள்ளை வான் வந்து நின்று ஹார்ன் அடிக்கும். தொழிற்பேட்டையில் உள்ள தையல் கம்பெனி ஒன்றின் வான் அது. சத்தம் கேட்டதும் எங்கள் வரிசையில் நாலைந்து கதவுகள் திறக்கும். தலை காயாத பிள்ளைகள் சோற்றுப் பெட்டியை இடுப்பில் இடுக்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வானை நோக்கி ஓடுவார்கள். "கெதியா ஓடு, விட்டிட்டுப் போயிடுவான்" என்று தாய்மார் பின்னால் நின்று விரட்டுவார்கள். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ விஷயங்களுக்குப் பழகிவிட்டேன். தேங்காய்ப்பால் விடாத குழம்புக்குப் பழகிவிட்டேன். காலையில் காயப்போட்ட வெள்ளை உடுப்பு, பின்னேரம் எடுக்கும்போது இரும்புத் தூள் படிந்து கிடப்பதற்கும் பழகிவிட்டேன். பிள்ளைகள் வாகனத்தை நோக்கி ஓடுவதற்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

மன்னார்க் கரையில் எங்கள் ஊரில் பிள்ளைகள் வாகனத்தைக் கண்டால் எதிர்ப்பக்கம்தான் ஓடுவார்கள். சண்டைக்கு ஆள் சேர்க்க, வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் கேட்டு வந்த வாகனம் அது. கேட்டு வந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். என் மகள் தர்ஷினிக்கு அப்போது பதினாறு வயது. ஒழுங்கை முனையில் இன்ஜின் சத்தம் கேட்டால் போதும், அவளை இழுத்துப்போய் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி, மேலே சாக்கைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவேன். பிறகு முற்றத்தில் இருந்து மீன் வெட்டுவேன். தலையை நிமிர்த்தாமல் இருக்க மீன் வெட்டுவதைப்போல நல்ல வேலை வேறில்லை. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. அவள் உயிரோடு இருக்க வேண்டும், படிக்க வேண்டும், இந்த இரண்டுக்காகவும்தான் இரண்டாயிரத்து ஆறில் படகேறினோம். வந்த இடத்தில் அவள் உயிருக்கு ஒரு குறையும் வரவில்லை. படிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கம்பெனி வானின் டிரைவர் பாபு கவரைப்பேட்டைக்காரன். நல்ல பிள்ளை. குடத்தோடு குழாயடிக்குப் போகும் என்னை எங்கே கண்டாலும் வண்டியை மெதுவாக்குவான்.

"இன்னாக்கா, பொண்ணு பன்னெண்டாவது முட்ச்சிடுச்சாமே? வண்டில ஒரு சீட்டு காலியா கீது."

"அவ படிக்கப் போறா தம்பி."

"படிக்கட்டும்கா. சீட்ட நான் யாருக்கும் குடுக்கல, வெச்சிக்கினு கீறேன்."

அன்பாகத்தான் சொன்னான். ஆனாலும், அவள் வரப்போகிறாள் என்று தெரிந்ததைப்போல என் பிள்ளைக்கு ஒருவன் இடம் பிடித்து வைத்திருக்கிறான் என்ற நினைப்பு அன்று முழுக்க என்னை விடவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இங்கே பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் நாட்டில் உயர்தரச் சோதனை, அதாவது இங்கத்தைய பிளஸ் டூ, எழுதிய பிள்ளைக்குப் பெறுபேறு வர மாதங்கள் ஆகும். கம்பஸ் என்று நாங்கள் சொல்லும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலும் உள்ளே போக ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பிள்ளையை எந்தத் தாயும் வீட்டில் வைத்திருக்க மாட்டாள். டைப்பிங், இங்கிலிஷ், கொம்பியூட்டர் என்று ஏதாவது ஒன்றுக்கு அனுப்பிவிடுவோம். 'பிள்ளை என்ன செய்யுது?' என்று யாராவது கேட்டு, 'சும்மா இருக்கு' என்று மறுமொழி சொல்ல நேர்ந்தால் அதைவிட மானக்கேடு கிடையாது. பிறகு கம்பஸ் திறந்தால் அந்த வகுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். எதற்காக விட்டாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இங்கேயும் அப்படித்தான் செய்தோம். பிளஸ் டூ சோதனை முடிந்த கையோடு, முகாம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் அறக்கட்டளைக்காரர் வந்து, கவரைப்பேட்டையில் ஆறுமாதக் கொம்பியூட்டர் வகுப்பு தொடங்குகிறது, செலவெல்லாம் தங்களுடையது என்றார். எங்கள் வரிசையில் பிள்ளைகள் போட்டி போட்டுச் சேர்ந்தார்கள். தர்ஷினியும் சேர்ந்தாள். ஒரு ஸ்டேஷன் தூரம்தான். ரயிலில் போய்வந்தாள். மே மாதம் பெறுபேறு வந்தபோது கணக்கியலில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது அவள்தான். பி.காம். படித்துக் கணக்காளர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. முகாம்காரருக்கு வங்கி கடன் தராது. அவளுடைய அப்பா தொழிற்பேட்டையில் தண்ணீர் டாங்கிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார், வேலை உள்ள நாட்களில். ஆகவே அறக்கட்டளையின் உதவி வந்தால்தான் கல்லூரி என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வரும் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. கொம்பியூட்டருக்கே தந்தவர்கள் கல்லூரிக்குத் தரமாட்டார்களா என்று நான் வீராப்பாகப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அறக்கட்டளையின் அலுவலகம் திருவள்ளூரில். முகாமில் சொல்லிவிட்டு, பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மேசையில் இருந்தவளுக்கு என் தங்கையின் வயதிருக்கும். மரியாதையாக உட்காரச் சொன்னாள். தர்ஷினியின் பெயரைச் சொன்னதும் கணினியில் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"இன்னாம்மா, உங்க பொண்ணுக்கு ஏற்கெனவே ஒரு கோர்ஸுக்குக் குடுத்துக்கினு தானே கீறோம்?"

"அது கொம்பியூட்டர் வகுப்பு, தங்கச்சி. இது டிகிரி."

"எதுவா இருந்தா இன்னாம்மா? பன்னெண்டாவதுக்கு அப்பால மொதல்ல எதுல சேர்றாங்களோ, அதான் படிப்பு. ஒரு ஆளுக்கு ஒரு படிப்பு. டிகிரிக்கு வராது."

"அப்ப அதை விட்டிட்டு வரட்டோ?"

"நடுவுல உட்டா பேரையே எடுத்துடுவாங்க. அப்பால எதுக்குமே வராது."

"பெறுபேறு வரும்மட்டும் பிள்ளை சும்மா இருக்கக்கூடாது எண்டுதான் விட்டனாங்கள்" என்றேன்.

"சும்மா இருந்திருந்தா கெடச்சிருக்கும்மா" என்றாள் அவள்.

குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். தண்ணீர் எடுத்துத் தந்து, பொறுமையாக விளங்கப்படுத்தவும் செய்தாள். "மொதல்ல காலேஜ்ல சேத்துட்டு, அப்பால கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்தீங்கன்னா பிரச்சினையே இல்ல. கூடச் சேர்ற கோர்ஸுன்னு ரெண்டுக்குமே குடுத்திருப்பாங்க." அதே பிள்ளை, அதே இரண்டு படிப்பு. எதை முதலில் எடுத்தோம் என்பதில் அவளுடைய கல்லூரி போய்விட்டது. சேர்க்கும்போது இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஊரில் கல்லூரிப் படிப்புக்குக் காசு கொடுத்ததே இல்லை, கேட்க வேண்டும் என்று எப்படித் தோன்றும்? எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அறையில் யாரைப் பேசுவது என்றும் தெரியவில்லை.

நான் எழும்பாமல் இருப்பதைப் பார்த்து அவளுக்கு மனம் இளகியிருக்க வேண்டும். "டெய்லரிங் ஒன்னு கீதும்மா. அது படிப்புல வராது, ட்ரெய்னிங்கு. அதுக்கு இந்த ரூலு கெடையாது. கம்பெனிலயே கத்துக் குடுப்பாங்க, சம்பளமும் வரும். உங்க கேட்டாண்டயே வண்டி வரும்." நான் வேலைக்குத்தான் வழி தேடி வந்திருக்கிறேன், இந்த வேலை போதாது என்று இருக்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். "நல்ல வேலைமா. இன்னாத்துக்கு மூஞ்ச இப்படி வெச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டாள். வாசலுக்கு வாகனம் வரும் என்று அவள் சந்தோஷமாகச் சொன்னபோது என் காதில் விழுந்தது வேறு ஒரு இன்ஜின் சத்தம்.

திரும்பி வந்து சொன்னபோது தர்ஷினி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கொம்பியூட்டர் வகுப்பை ஒரு நாளும் விடாமல் முடித்தாள். முடித்த கிழமையே, ஒரு வருஷம் கம்பெனிக்குப் போகிறேன், சம்பளத்தைச் சேர்த்து அடுத்த வருஷம் நானே காசு கட்டிக் கல்லூரியில் சேருவேன் என்றாள். அவளுடைய அப்பா தலையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை. எங்கள் வரிசையில் அந்த வானில் போகும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வருஷம் என்றுதான் ஏறினார்கள். படிப்புக்கென்று இறங்கிய ஒருத்தியை நான் இன்னும் காணவில்லை. அவர்களுடைய தாய்மாரும் முன்பு என்னைப்போலத்தான் பேசியிருப்பார்கள். இப்போது கெதியா ஓடு என்கிறார்கள்.

அதே நாட்களில் ஊரில் சண்டை நெருக்கிக்கொண்டு வந்தது. என் தங்கை அங்கிருந்து ஒரு தடவை போன் எடுத்துப் பேசினாள். அவளுடைய மூத்தவளை வாகனம் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. "உன்ர பிள்ளையெண்டாலும் தப்பிச்சு, அக்கா. நல்லாப் படிப்பி" என்றாள். ஓம் என்றேன். அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுபடவில்லை. பிற முகாம்களில் இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பிள்ளை முதலில் கால் வைக்கும் வகுப்பு எதுவென்று பாருங்கள். இலவசம் என்று யாராவது சொன்னால், இதில் சேர்ந்தால் பிறகு எது கிடைக்காது என்று கேளுங்கள். அதுவரைக்கும் பிள்ளை சும்மா இருந்தால் இருக்கட்டும்.

இன்று அவளுக்குக் கம்பெனியில் முதல் நாள். காலை ஹார்ன் அடித்தபோது தர்ஷினி தலைவாரி முடித்துவிட்டாள். அவள் வாசலுக்கு வர, நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன். நினைத்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. அவளை எங்கே மறைப்பது என்று கண் அறைக்குள் தேடியது. பத்துக்குப் பத்து அறை, ஒரு மூட்டைகூட இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்தாள்.

"விடுங்கோ அம்மா. இது சம்பளம் தாற வான்."

கதவு திறந்தது. வாசலில் பாபு, வைத்திருந்த சீட்டின் பக்கம் கதவை இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். தர்ஷினி செருப்பைக்கூடப் போடாமல் வானை நோக்கி ஓடினாள். சோற்றுப் பெட்டியை மறந்துவிட்டாள். அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன், கெதியா ஓடு என்று கத்திக்கொண்டு.