நல்லா வாட்டிக் குடுங்க

இதுரால்டே மாடலெனிடம் போய்க் கறியை எப்படி வாட்ட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அவளும் யாரையும் கேட்பதில்லை. இதுரால்டே என்பது வீட்டின் பெயர். எங்கள் பாஸ்க் மலையில் ஆளை வீட்டுப் பெயரால்தான் அறிவோம். குடும்பப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்தால் போதும். முன்பு மாடு கட்டியிருந்த கீழ்த்தளத்தில் இப்போது நீள மேசைகள் கிடக்கின்றன. சுவரோரம் கரியடுப்பு, அதன் முன்னால் மாடலென். அவள் அம்மா காலத்திலிருந்தே அது சாப்பாட்டுக் கடை.

வந்து உட்கார்ந்தவருக்கு முதலில் உப்பு மீன் போட்ட ஆம்லெட் வரும். அப்புறம் சிவப்புக் குடைமிளகாய் வதக்கல். அப்புறம் எலும்போடு மாட்டு விலாக்கறி, இரண்டு பேருக்கு ஒன்று. மேலே முறுகி, உப்புப் பூத்து, வெட்டினால் உள்ளே சிவந்திருக்கும். அதற்கு மேல் ஒரு பேச்சும் கிடையாது. ஒரு முறை நகரத்திலிருந்து வந்த கோட்டுக்காரர் ஒருவர், தனக்குக் கறியை நல்லா வாட்டிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மாடலென் தானே எழுந்து போய் அவர் முன்னால் இன்னொரு ஆம்லெட்டை வைத்தாள்.

"இந்தாங்க சார், இது முழுசா வெந்திருக்கு" என்றாள்.

அந்தக் கதை பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றியது. அன்றிலிருந்து 'நல்லா வாட்டி' என்பது அந்த வீட்டில் கெட்ட வார்த்தை. நல்லா வாட்டி என்றால் உள்ளே சிவப்பே தெரியாமல் சாம்பல் நிறமாகும்வரை சுட்டு, கறியைக் கரியாக்குவது. அப்படிக் கேட்பவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லை பல் போனவன் என்பது மாடலெனின் கட்சி. கடல்காரர்களையும் அவள் அதே பட்டியலில்தான் வைத்திருந்தாள். மீனைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் அவர்களுக்குச் செருப்புக்கும் கறிக்கும் வித்தியாசம் தெரியாது என்பாள். கடலோரத்தில் எத்தனை பேரிடம் பழகி இந்த முடிவுக்கு வந்தாள் என்று கேட்டால் பதில் இருக்காது. இருந்தாலும் முடிவு முடிவுதான்.

பார்ப்பதற்குக் கட்டையான உடம்பு, பெரிய குரல், முழங்கை வரை நெருப்புத் தழும்பு. கம்பித் தட்டைச் சாய்வாக நிறுத்தி, கொழுப்பு நெருப்பில் சொட்டாமல் பின்பக்கமாக வழிய விடுவாள். கறியின் மேல் கல்லுப்பை அள்ளிக் கொட்டிவிட்டு, வாடிக்கையாளர்களோடு வம்பு பேசிக்கொண்டே இருப்பாள். பேச்சு நடுவில் சட்டென்று கை போய்க் கறியைத் திருப்பி உப்பைத் தட்டிவிடும். தன் கையில் அவளுக்கு இருந்த நம்பிக்கை, பாதிரியாருக்குத் தன் ஜெபத்தில் இருந்திருந்தால் எங்கள் ஊரில் ஆலங்கட்டி மழையே பெய்திருக்காது.

கணவன் கோஸ்மே வீட்டோடு மாப்பிள்ளை. அதில் எங்கள் பக்கம் வெட்கம் ஒன்றும் இல்லை. எந்தப் பிள்ளை வீட்டில் தங்குகிறதோ அதற்கு வீடு. வேறு வீட்டில் பிறந்தவர் துணையாக வந்து சேர்வார். கோஸ்மே எதிர்மலையிலிருந்து ஒரு பசுவோடும் ஒரு அக்கார்டியனோடும் வந்தவன். பசு செத்துவிட்டது, அக்கார்டியன் பரணில் கிடக்கிறது, அவன் மேசைகளுக்குத் தட்டு தூக்கிக்கொண்டிருக்கிறான். அதிகம் பேச மாட்டான். சொன்னதைக் கொண்டுபோய்ச் சொல்வான், கொடுத்ததைக் கொண்டுவந்து வைப்பான்.

ஒரே மகள் ஓயானா. அவளுக்குப் பெர்மியோ துறைமுகத்து மீனவப் பையன் உனாய்மேல் ஆசை. அவன் மலையேறி வந்து இதுரால்டேயில் தங்கி அடுப்பைக் கற்றுக்கொள்ளத் தயார்தான், ஆனால் அவன் அம்மா கொன்சேசி சம்மதிக்க வேண்டும். கணவன் போன பிறகு ஒற்றை ஆளாகப் படகையும் மூன்று பையன்களையும் கரைசேர்த்தவள் அவள். அவள் மனம் நோக அவன் வரமாட்டான். அவள் மாட்டேன் என்றால் ஓயானா பெர்மியோவுக்குப் போய்விடுவாள். அதை ஓயானா தன் அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். மாடலென் அன்று முழுக்கப் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். மகள் போய்விட்டால் அந்த வீட்டில் நெருப்பு இருக்கும், கூப்பிட்டால் குரல் கொடுக்க ஆள் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கொன்சேசி சாப்பிட வருவதாக ஏற்பாடானது. காலையிலேயே ஓயானா அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அம்மா, இன்னிக்கி ஒரு நாள் மட்டும் உன் வாயைக் கட்டி வை. அவங்க என்ன கேட்டாலும் குடு. ஆம்லெட் கதை வேண்டாம்."

மாடலென் கரியைக் கிளறிக்கொண்டே தலையாட்டினாள். அவள் தலையாட்டியதைப் பார்த்து ஓயானாவுக்கு இன்னும் பயம் கூடியது.

கொன்சேசி வந்தாள். ஒல்லி, நிமிர்ந்த முதுகு, காற்றில் காய்ந்த முகம். தானே பாட்டிலில் அடைத்த சூரை மீனைக் கோஸ்மேயின் கையில் கொடுத்தாள். அடுப்புப் பக்கம் பார்த்து மாடலெனுக்கு மரியாதையாக ஒரு வணக்கம் வைத்தாள். ஓயானாவும் உனாயும் அவளோடு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார்கள். ஆம்லெட் போனது, தட்டு வழித்த மாதிரி திரும்பி வந்தது. மாடலெனுக்கு மனம் கொஞ்சம் இறங்கியது. அடுத்து மிளகாயை இறக்கிவிட்டு வந்த கோஸ்மே, அடுப்பருகே குனிந்து அவள் காதில் சொன்னான்.

"அந்தம்மா கறியை நல்லா வாட்டிக் குடுக்கச் சொல்றாங்க."

அவன் மெல்லத்தான் சொன்னான். ஆனால் பக்கத்து மேசையில் ஞாயிறு தவறாமல் சாப்பிடும் பிஷெந்தேவுக்குக் காது கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் இவளையே பார்த்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள். ஜன்னலோரத்தில் ஓயானாவின் முகம் வெளுத்திருந்தது. அவளும் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறாள்.

மாடலெனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கடல்காரி, நான் சொன்னேனே என்று மனதுக்குள் திட்டினாள். பக்கத்தில் முட்டைக்கூடை இருந்தது. கை அந்தப் பக்கம் போகக்கூடப் பார்த்தது. அப்புறம் மகளின் முகத்தை இன்னொரு முறை பார்த்தாள். இருந்ததிலேயே நல்ல துண்டாக, கொழுப்பு வரிவரியாக ஓடியதை, எடுத்துக் கம்பித் தட்டில் போட்டாள். அப்படிப்பட்ட துண்டை அவள் பாதிரியாருக்குக்கூடக் கொடுத்ததில்லை. போட்டுவிட்டு அதை நெருப்புக்குப் பக்கமாக இறக்கினாள்.

கை இரண்டு முறை கறியை எடுக்கப் போனது. இரண்டு முறையும் அதை இடுப்புத்துணியில் துடைத்துக்கொண்டு நின்றாள். கொழுப்பு சொட்டிப் புகை எழும்பியது. உப்பு கறுத்தது.

"மாடலென், அடுப்புல ஏதோ தீயுது" என்று எழுந்தான் பிஷெந்தே.

"தெரியும். உக்காரு."

அவன் உட்கார்ந்தான். அந்தக் கடையில் சிரிப்புச் சத்தம் இல்லாமல் கறி வெந்தது அன்றைக்குத்தான். சாம்பல் நிறத்துக்கு வந்ததும் மாடலென் அதைப் பலகையில் போட்டு நறுக்கினாள். கத்தி மரத்தில் இறங்குவது போல இறங்கியது. கோஸ்மே தட்டை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தட்டு மேசைக்குப் போனதும் ஓயானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா தனக்காக என்ன செய்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். உனாய் மட்டும் திருதிருவென்று விழித்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் சட்டென்று முகம் சுளித்து மூடிக்கொண்டான். மேசைக்கடியில் கொன்சேசியின் செருப்பு அவன் காலில் இறங்கியிருந்தது. அவள் சாப்பிட்டாள். ஒவ்வொரு துண்டையும் மென்றாள், மென்றாள், தண்ணீரைக் குடித்து இறக்கினாள். சிறிசுகள் ஆளுக்கு ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டதையும் சேர்த்து எலும்புவரை சாப்பிட்டு முடித்தாள். தூரத்திலிருந்து பார்த்த மாடலென், இவர்களுக்கு இதுதான் ருசி போலிருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பாலாடைக்கட்டியும் அக்ரூட்டும் ஆனபின் கொன்சேசி எழுந்து நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"சம்பந்தி" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் ஓயானா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"மனசுல ஒண்ணு வெச்சு வெளிய ஒண்ணு பேச எனக்குத் தெரியாது. வர்ற வழியெல்லாம் வேண்டாம்னு சொல்லத்தான் நெனச்சுட்டு வந்தேன். உங்க கைப்பக்குவத்தோட பேரு எங்க துறைமுகம் வரைக்கும் வந்திருக்கு. அப்பேர்ப்பட்ட கைகாரி இருக்குற வீட்ல எம் பையனுக்கு என்ன வேலை? காலம் பூரா தட்டு தூக்கிட்டு நிப்பானேன்னு பயந்தேன்."

காலம் பூரா தட்டு தூக்கிக்கொண்டு நின்ற கோஸ்மே, கையிலிருந்த தட்டுகளைப் பார்த்தான்.

"சாப்பிட்டுப் பாத்ததும் பயம் போச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்குக் கை ஓஞ்சு போச்சு. பேருதான் ஓடுது. துணைக்கு ஆள் இல்லாம பாவம் தவிக்கிறீங்க. பையனைக் கூட்டிக்கங்க. படகுல அவன்தான் சமையல், நெருப்பு அவனுக்குப் படியும்."

மாடலெனின் வாய் திறந்தது. பிஷெந்தே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். ஆனால் அவள் உள்ளுக்குள் கணக்குப் போட்டாள். கேட்டது கைக்கு வந்துவிட்டது. மகள் இங்கேயே இருப்பாள், மாப்பிள்ளை வருவான். 'ஆமாம் சம்பந்தி, கை ஓஞ்சுதான் போச்சு' என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. ஓயானா கண்ணால் கெஞ்சினாள். மாடலென் அந்த வார்த்தையை விழுங்கத்தான் பார்த்தாள். கொன்சேசி கறியை விழுங்கியது போல மென்று விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை. பொய்யின் மேல் மகளுக்கு வாழ்க்கை அமைக்க மனம் ஒப்பவில்லை என்று சொன்னால் அது பெரிய பேச்சாகிவிடும். கை ஓய்ந்துவிட்டது என்பதைப் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"அந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்றாள்.

இன்னொரு துண்டை எடுத்தாள். கம்பித் தட்டை உயர்த்தினாள், உப்பை அள்ளிக் கொட்டினாள். இந்த முறை பேச்சில்லை, பராக்கில்லை. திருப்பினாள், உப்பைத் தட்டினாள், எடுத்துக் கொஞ்சம் ஆற விட்டாள், நறுக்கினாள். உள்ளே சிவப்பு மின்னியது. ஒரு துண்டைக் கத்தி நுனியிலேயே நீட்டினாள். கொன்சேசிக்கு வயிற்றில் இடமில்லை. ஆனாலும் வாங்கி வாயில் போட்டாள். பாதி மெல்லும்போதே நிறுத்திவிட்டு மாடலெனை உற்றுப் பார்த்தாள்.

"இது யாரு வாட்டினது?"

"இப்பத்தானே கண்ணு முன்னால வாட்டினேன்."

"அப்ப அது?"

"நீங்க கேட்டதுதான். நல்லா வாட்டிக் குடுக்கச் சொன்னீங்களே."

"நல்லா வாட்டிக் குடுங்கன்னா நல்லா வாட்டிக் குடுங்கன்னுதானே அர்த்தம்? மீன் வாங்குனாலும் எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். பாத்துப் பக்குவமா வாட்டுங்கன்னு. கறியைக் கொன்னு கொண்டாங்கன்னா சொன்னேன்?"

மாடலென் கத்தியைப் பலகையில் வைத்தாள். பிறகு மாடலென் கேட்டாள், அவ்வளவு மோசமாக இருந்ததை ஏன் எலும்புவரை சாப்பிட்டீர்கள் என்று.

"எம் பையன் ஆசைப்பட்ட வீடு" என்றாள் கொன்சேசி. "முதல் நாளே தட்டுல மிச்சம் வெச்சா நாளைக்கு அவனுக்கு இங்க என்ன மரியாதை? நீங்க ஏன் வாட்டினீங்க?"

மாடலென் மகள் நின்ற பக்கம் தலையைத் திருப்பிக் காட்டினாள். கண்ணில் புகை பட்டுவிட்டது என்று துணியால் துடைத்துக்கொண்டாள். அப்போது அந்த அடுப்பில் புகையே இல்லை. முதலில் சிரித்தது கொன்சேசி. அவ்வளவு ஒல்லியான உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சிரிப்பு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பிஷெந்தே மேசையைத் தட்டினான். கோஸ்மேகூடச் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் கொன்சேசியின் முகம் மாறியது. பலகையிலிருந்து இன்னொரு துண்டைத் தானே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு விரலை நக்கினாள்.

"அப்ப உங்க கை ஓயல."

"ஓயல."

"அப்ப எம் பையன் எதுக்கு? நான் பயந்தது சரிதான். உங்க கைக்கு உதவியே தேவையில்லையே சம்பந்தி."

மாடலென் எத்தனையோ வருஷமாக யாரிடமும் எதுவும் கேட்காமலே வாட்டிக்கொடுத்த அடுப்பைப் பார்த்தாள், அப்புறம் ஜன்னலோரத்தில் காலைத் தேய்த்துக்கொண்டு நின்ற அந்தப் பையனைப் பார்த்தாள்.

"கைக்கு வேணாம் சம்பந்தி. காதுக்கு வேணும்" என்றாள்.