மூடி போட்டு எடுத்த பாட்டு

காலை எட்டு மணிக்கு ரப்பர் பால்மரக் காட்டில் ஈர இலையும் புளித்த பாலும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். அந்த வாடைக்குள் நின்றோம். சேகர் இருந்தான், சிலிபினில் கல்யாண வீடியோ எடுக்கும் அவன் அக்கா புருஷனின் கேமரா அவன் தோளில். ஸ்டெல்லா இருந்தாள், பாட வந்தவள். மணியம் இருந்தான், பாட்டை எழுதியவன், கழுத்தில் டோலக். நான் இருந்தேன். நாலு மரம் தள்ளி, தனக்கென்று ஒதுக்கிய மர வரிசையான நிரையில், அம்மா இருந்தார், கையில் பால் வெட்டும் உளியோடு.

எண்பதுகளின் நடுவில். ஈப்போவில் நான்காம் படிவம் படித்தோம். ஓவிய வாத்தியார் குழுவாக ஏதாவது செய்து வரச் சொன்னார். மற்றவர்கள் அட்டையில் கோட்டை கட்ட, நாங்கள் ஒரு பாட்டைப் படமாக்குவதாகச் சொல்லிவிட்டோம். இடம் பார்ப்பது என் பொறுப்பு. எங்கள் தோட்டம் என்றேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் யாரோ நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் நிலையைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து தோட்டத்துக்குள் கேமரா கூடாது என்பது தோட்ட மேலாளர் 'தொரை'யின் உத்தரவு. வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டுவிட்டேன் என்று சேகரிடம் சொன்னேன். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது.

முதல் தடவை லாரிச் சத்தம் கெடுத்தது. இரண்டாவதில் ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். மூன்றாவது நன்றாக வந்தது. பாட்டு முடிகிற நேரம் பின்னால் நடந்த சேகர் மரத்தடியில் பால் பிடிக்கும் 'மங்கு' ஒன்றை உதைத்து, அதில் வடிந்திருந்த பால் அவன் சப்பாத்தில் கொட்டியது. அம்மா வந்து அந்தக் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தார். அப்போது மோட்டார் சைக்கிள் நின்றது. மண்டோர் ராமையா.

யாரைக் கேட்டு வந்தீர்கள் என்றார். சேகர் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தான் வரச் சொன்னேன்," என்றார் அம்மா.

மண்டோர் எடுத்ததைக் காட்டச் சொன்னார். கேமராவின் சின்னக் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தார். ஸ்டெல்லாவுக்குப் பின்னால் மரத்தடியில் குனிந்தபடி அம்மா.

"ஒன்னையும் புடிச்சிருக்கானுங்க. தொரை பாத்தா ஒன் நிரை போச்சு, என் வேலயும் போச்சு லா. அழிக்கச் சொல்லு."

அதை அழிக்க ஒரே வழிதான். நாடாவைத் திருப்பி, முன் கண்ணாடிக்கு மூடி போட்டு, அதன் மேலேயே மறுபடி ஓட்ட வேண்டும்.

"ஒரு வாரம் ஒத்திகை மச்சான்," என்றான் சேகர். "திங்கக்கெழம குடுக்கணும்."

"மூடியப் போடு," என்றேன்.

அவன் போடவில்லை. நானே போட்டேன். சிவப்புப் பொத்தானையும் நானே அமுக்கினேன்.

எடுத்தது எவ்வளவோ அவ்வளவு நேரமும் நிற்க வேண்டியிருந்தது. மண்டோர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நடுவில் ஸ்டெல்லா, யாரும் கேட்காமலே, முதல் வரியிலிருந்து பாட ஆரம்பித்தாள். மணியத்தின் விரல் டோலக்கைத் தேடியது. மண்டோர் தடுக்கவில்லை. இரண்டு தடவை இருமினார்.

அவர் போன பிறகு அம்மா சொன்னது இதுதான்: "ஊருக்கு வேணா பொய் சொல்லு. எனக்குச் சொல்லாத."

திங்கட்கிழமை வகுப்பில் தொலைக்காட்சி கறுப்பாகவே இருந்தது. பாட்டு மட்டும் கேட்டது. வகுப்பு சிரித்தது. படம் எங்கே என்றார் வாத்தியார். நடந்தது மற்ற மூன்று பேருக்கும் தெரியும். நான் உட்கார்ந்தே இருந்தேன். சேகர் எழுந்தான்.

"மூடியக் கழட்ட மறந்துட்டேன் சார்."

எல்லோருக்கும் சேர்த்துத் தேர்ச்சி இல்லை என்று எழுதினார். வருடம் முடியும்வரை சேகர் என்னோடு பேசவில்லை. நான் அந்த வருடத்தோடு படிப்பை விட்டேன்.

இப்போது அந்தக் காட்டில் வரிசை வீடுகள். லயமும் இல்லை, ராமையாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நாடா பூசணம் பிடித்துவிட்டதாகச் சேகர் போன வருடம் சொன்னான். அம்மாவின் நிரை மட்டும் அன்று போகவில்லை. தோட்டத்தை விற்கும்வரை அதில்தான் வெட்டினார்.

இன்னும் பதினோரு வருடம்.