பார்வோனுக்கு ஊற்றிய பீப்பாய்

கராலெவோ ஊரில் ராங்கெலை அதிர்ஷ்டசாலி என்று சொல்லாதவர்கள் கிடையாது. சொன்னவர்களுக்கு மூளை இருந்ததா என்பது வேறு விஷயம். ப்ளோவ்திவ் நகரத்து ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து ஐந்து ஊர்களுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேனை ஓட்டுகிறவன் அவன். வயது நாற்பத்தெட்டு. எந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாலும், செல்போனை எடுத்துப் பார்வோனை ஒரு முறை கும்பிட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவான். ரொட்டி ஆறிப்போவதைப் பற்றி அவனுக்கு என்ன கவலை?

‘பார்வோனின் பொன்னறை’ என்பது அந்த விளையாட்டின் பெயர். அதை விளையாட்டு என்று சொல்வதே அதிகம். பூனை, பாம்பு, நரித்தலைச் சாமி, சாணி உருட்டும் வண்டு என்று ஐந்து வரிசைப் படங்கள் திரையில் சுழலும். காசைக் கட்டிக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், தோற்க வேண்டும். மூன்று பொன் புத்தகங்கள் ஒன்றாக வந்து நின்றால் பத்துச் சுற்று இலவசம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு புத்தகத்தைக்கூடத் தொடாத மனிதன் மூன்று புத்தகத்துக்காக இப்படி ஏங்கினான். எகிப்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பான். ஆனால் வண்டு இடது ஓரத்தில் வந்தால் அடுத்தது புத்தகம்தான் என்று தாயின் மேல் சத்தியம் செய்வான். வண்டு அவனிடம் அப்படி எதுவும் ஒத்துக்கொண்டதில்லை.

ஜெயித்தால் உடனே திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வான். மதுக்கடையில் அதை எல்லோர் மூக்குக்கு முன்னாலும் நீட்டுவான். தோற்றதை யார் படம் பிடித்து வைக்கிறார்கள்? ஊர் பார்த்ததெல்லாம் ஜெயித்த படங்களை மட்டும்தான்.

அவன் வீட்டு நிலவறையில் ஐந்நூறு லிட்டர் பீப்பாய் ஒன்று இருந்தது. மே மாதம் மகள் ராலிட்சாவுக்குக் கல்யாணம். அதற்காக அவளும் அவள் அம்மா நெவெனாவும் முதுகொடியத் திராட்சை பறித்து, பிழிந்து, நிரப்பிய ஒயின் அது. கல்யாணத்தன்றுதான் திறப்பது என்று பேச்சு. டிசம்பரிலிருந்தே ராங்கெல் அதைக் கேன் கேனாக ரொட்டிக்கு நடுவே ஒளித்துக்கொண்டுபோய் நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடையில் விற்றான். விற்ற காசு முழுவதும் பார்வோன் வயிற்றுக்குப் போனது. எடுத்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்தான். உருளைக்கிழங்கு எடுக்க இறங்கும்போதெல்லாம் நெவெனா பீப்பாயை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பாள். நிறைந்த சத்தம் கேட்கும். நிம்மதியாக மேலே ஏறுவாள். பெற்ற மகளின் கல்யாணத்தில் தண்ணீர் ஊற்றிய இவனை மனிதன் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது.

பிப்ரவரி பதினான்கு, புனித டிரிஃபோன் நாள் வந்தது. ஆண்களெல்லாம் தோட்டத்துக்குப் போய்க் கொடியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஒயின் ஊற்றி, அந்த வருஷத்துத் திராட்சை ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் நாள். ராஜாவின் அதிர்ஷ்டம் எப்படியோ அப்படித்தான் விளைச்சல் என்பது நம்பிக்கை. போன வருஷ ராஜா டெல்ச்சோ. ஜூன் மாதம் ஆலங்கட்டி மழை பாதித் தோட்டத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது.

“டெல்ச்சோ வேண்டாம்ப்பா. அவன் தலையில கிரீடம் வெச்சோம், நம்ம தலையில ஐஸ் விழுந்துச்சு,” என்றார் ஊர்த்தலைவர் ஸப்ரியான்.

“நானா மேல உக்காந்து கொட்டினேன்?” என்றான் டெல்ச்சோ.

“நீ கொட்டல. நீ ராஜாவா இருந்த. அது பத்தாதா?” ஸப்ரியான் ராங்கெல் பக்கம் திரும்பினார். “இவன் இருக்கானே. செல்போன்லயே காசு காய்க்கிற கை. கொடியில காய்க்காமலா போயிரும்?”

ராஜாவானவன் ஊரையே வீட்டுக்குக் கூட்டிப்போய் ஊற்றிக் கொடுக்க வேண்டும். ராங்கெல் வீட்டில் இருந்தது அந்த ஒரே பீப்பாய். வயிற்றுவலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் அத்தனை பேர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அவனுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. தலையைக் குனிந்து, கிரீடமாகப் போட்ட கொடி வளையத்தை வாங்கிக்கொண்டான்.

நான்கு பேர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மேளம் முன்னால் போயிற்று. மேலே ஏறிய பிறகுதான் அவனுக்குப் பீப்பாய் ஞாபகம் வந்தது. வீடு போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகும். முந்தைய நாள் வந்த சம்பளம் வங்கியில் இருந்தது. தோளில் உட்கார்ந்தபடியே செல்போனை எடுத்தான்.

“மேல என்னடா பண்ற?” என்றார் ஸப்ரியான்.

“மகளுக்குச் சேதி அனுப்புறேன் மாமா. அப்பன் ராஜாவாயிட்டான்னு தெரிய வேணாமா?”

கேட்டவர்களுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. அவன் கட்டைவிரல் அமுக்கிக்கொண்டே இருந்தது. தேவாலயத்தைத் தாண்டுவதற்குள் சம்பளத்தில் பாதி போய்விட்டது. அதைத் தாண்டியதும் மூன்று புத்தகங்கள் வந்து நின்றன. பத்து இலவசச் சுற்று முடிந்தபோது திரையில் ஆயிரத்து இருநூறு லெவா நின்றது.

ஊரே குடித்துத் தள்ளாட அது போதும். ஸப்ரியானின் மைத்துனன் ஒயின் விற்கிறவன். அவனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் நான்கு பெரிய குடுவைகள் பின்வாசல் வழியாக இறங்கியிருக்கும். அப்போது பார்வோன் கேட்டான்: இரட்டிப்பாக்க வேண்டுமா? சிவப்பா, கறுப்பா?

சிவப்பு என்றான். சிவப்பு வந்தது. இப்போது இந்த மத்தியானமும் தப்பியது, மகள் கல்யாணமும் தப்பியது. அறிவுள்ள நாய்கூட அந்த இடத்தில் எழுந்து போயிருக்கும். இவன் மறுபடியும் சிவப்பு என்றான். கறுப்பு வந்தது. ஜெயித்தது அத்தனையும் போயிற்று, வீடு வருவதற்குள் மிச்சச் சம்பளமும் அதன் பின்னாலேயே போயிற்று.

வாசலில் நெவெனா நின்றிருந்தாள். யாரோ முன்னால் ஓடிவந்து சேதி சொல்லியிருந்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்த நல்ல சட்டை போட்டிருந்தாள், அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. பல வருஷம் கழித்துப் புருஷனைப் பார்த்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. பாவம், அதுவும் அன்றைக்குத்தான் வர வேண்டுமா?

“கல்யாணத்துக்குத்தான் வெச்சிருந்தேன். பரவாயில்ல, ராஜா வீட்டுல இல்லேன்னு சொல்லலாமா?” என்றாள். அவன் தோளிலிருந்து இறங்குவதற்குள் கூஜாவோடு நிலவறைக்குள் போய்விட்டாள்.

திரும்பி வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை. கூஜாவை ஒளித்திருக்கலாம், கீழே போட்டு உடைத்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் நேராக ஸப்ரியானின் தம்ளரில் ஊற்றினாள். லேசாகச் சிவந்திருந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை டெல்ச்சோவிடம் நீட்டினார்.

அவன் அதை வாங்கி மோந்து பார்த்தான். “திராட்ச இந்தத் தெரு வழியா நடந்து போயிருக்கும்போல,” என்றான்.

மேளக்காரன் மேளத்தைத் தோளில் மாட்டினான். எல்லோரும் டெல்ச்சோ வீட்டுக்குக் கிளம்பினார்கள். ராங்கெல் தலையிலிருந்த வளையத்தை எடுத்துப் போகக்கூட எவனும் கிட்டே வரவில்லை.

“எவ்வளவு வித்த?” என்றாள் நெவெனா.

“முழுசும் இல்ல...”

“முழுசும்.”

“கிட்ட வந்துருச்சு நெவெனா. சத்தியமா. இப்பக்கூட, வர்ற வழியில கையில இருந்துச்சு.”

அவள் அடுப்பை அணைத்தாள். கோழியைச் சட்டியோடு துணியில் கட்டினாள். “நான் டெல்ச்சோ வீட்டுக்குப் போறேன். சாப்பிட ஆளு இருக்கு அங்க. ராலிட்சாவுக்கு நான் போன் பண்ண மாட்டேன். நீயே பண்ணு. அவ கல்யாணத்துக்குக் குடிக்க என்ன இருக்குன்னு நீயே உன் வாயால சொல்லு.”

வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது. ராங்கெல் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து செல்போனை எடுத்தான். மகளின் எண்ணைத் தேடத்தான் எடுத்தான். விரல் பழகிய இடத்துக்குப் போய்விட்டது. திரையில் பூனையும் பாம்பும் எழுந்தன. கணக்கில் ஒரே ஒரு சுற்றுக்கு மட்டும் மிச்சம் இருந்தது. இடது ஓரத்தில் வண்டு நின்றிருந்தது.

இதை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.