ஹம் நடைமேடையில் ஒரு ரஷ்ய நீர்மூழ்கி

ஜெர்மனியின் ஹம் ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று ஒலிபெருக்கி மறுபடியும் மன்னிப்புக் கேட்கிறது. நடைமேடைத் திரையில் செய்தி: ரஷ்யா தன் பழைய அணு நீர்மூழ்கிகளைப் புதுப்பித்து, புது ஏவுகணைகள் பொருத்துகிறதாம்.

பக்கத்து இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. மடியில் கறிச் சட்டியை அணைத்தபடி திரையை முறைக்கிறார்.

"அதுக்கு எத்தினை வயசிருக்கும், தம்பி?"

"முப்பது நாப்பது இருக்கும்க்கா."

"என்ர மனுசனுக்கும் புது முழங்கால் போட்டவை. இன்னும் படி ஏற ஏலாது. வாய் மட்டும் முந்தியை விடத் தூரம் பாயுது."

நான் சிரிக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. மகள் ஜெர்மன் கடற்படையில் இருக்கிறாளாம். அந்த நீர்மூழ்கிகளைத் தேடும் கப்பலில் நாளை கடலுக்குப் போகிறாள். ஆட்டுக்கறி அவளுக்குத்தான்.

"சண்டைக்குப் பயந்து இஞ்ச ஓடி வந்தனாங்கள். இவள் அதைத் தேடிப் போறாள்."

"தடுக்கலையாக்கா?"

"ஆர் கேக்கினம்? இந்த ஊர் அம்மன் கோயிலில அர்ச்சனை செய்திட்டுத்தான் வாறன்."

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

அக்கா சட்டி மூடியை அழுத்திப் பார்க்கிறார்.

"பிள்ளைக்குக் கெதியாப் பதவி உயர்வு கிடைக்கோணும். ஆனா ஒரு நீர்மூழ்கியும் அவளின்ர கண்ணில படக்கூடாது."